கிற்றாருக்கு எந்தக் கம்பி போடுறது? 10, 11, 12, 13 எண்டு குழம்புறவைக்கு ஒரு முழு விளக்கம்

கடையில போய் "அண்ணை, கிற்றார் கம்பி ஒரு செட் தாங்கோ" எண்டு கேட்டா அவற்ற கையில எது அம்பிடுதோ அதைத்தான் எடுத்துத் தருவார், நாங்களும் கொண்டுவந்து கொழுவிப்போட்டு விரல் வெட்டுது, எஃப் கோட் (சுட்டுவிரலைப் படுக்க வைச்சு கம்பியளை ஒண்டா அமத்திப் பிடிக்கிறது) பிடிக்க ஏலாம இருக்கு, இல்லாட்டி கம்பி பிரெட்டில (கழுத்தில குறுக்கால பதிச்ச உலோகக் கீற்றில) பட்டு இரையுது எண்டு கஷ்டப்படுவம். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் இப்ப கிற்றார் பழகிற பெடியள் பெட்டையள் கனபேர், கோயில் பாடகர் குழுவில வாசிக்கிறவையும் இருக்கினம், யூரியூப் பாத்து வீட்டில தனியப் பழகிறவையும் இருக்கினம். என்னட்ட வாற கேள்வியில பாதி இந்தக் கம்பி மொத்தத்தைப் பற்றித்தான், அதால ஒருக்கா இருந்து ஆறுதலா எழுதுறன்.

எனக்கு இது விளங்கினதே ஒரு கிற்றாரை இழந்த பிறகுதான். மாமா ஒராள் பாவிச்சுப்போட்டுத் தந்த பழைய ஒட்டுப்பலகைக் கிற்றார் அது, சத்தம் கனக்க வரவேணும் எண்ட ஆசையில 13 செட் வாங்கிப் போட்டன், கடையிலயும் இதுதான் நல்லது எண்டு சொல்லித் தந்தவை. முதல் கிழமை உண்மையாவே நல்ல சத்தம். ஒரு மாசத்தால பாத்தா கம்பி மேல மேல போய்க்கொண்டே இருக்குது, 12ஆம் பிரெட்டில அமத்த விரல் நோகுது. கொப்பியில ஒரு தாள் கிழிச்சு பிரிட்ஜின்ர (மேல்பலகையில ஒட்டியிருக்கிற, கம்பி மாட்டுற கட்டை) பின்பக்க விளிம்பில வைச்சுத் தள்ளினா தாள் உள்ளுக்குப் போகுது! அப்பவே கம்பியைத் தளர்த்தியிருக்கோணும், தெரியேல்ல. ரெண்டு நாளால ஒரு மத்தியானம் மூலையில சாத்தி வைச்ச கிற்றார் படீர் எண்டு வெடிச்ச மாதிரிச் சத்தம், ஓடிப்போய்ப் பாத்தா பிரிட்ஜ் மேல்பலகையின்ர தும்பையும் உரிச்சுக்கொண்டு ஆறு கம்பியோட தொங்குது.

அதுக்குப் பிறகு நான் ஆருக்கும் சொல்லுறது, கம்பியை முதல்ல கிற்றாருக்குப் பாருங்கோ, ரெண்டாவதா உங்கட விரலுக்குப் பாருங்கோ, சத்தம் அதுக்குப் பிறகுதான்.

அந்த இலக்கம் என்ன சொல்லுது

12 எண்டால் முதலாம் கம்பியின்ர (எல்லாத்திலயும் மெல்லிசானது) விட்டம் ஒரு இஞ்சியில ஆயிரத்தில 12 பங்கு, எங்கட கணக்கில 0.30 மி.மீ. செட்டின்ர பேரே முதலாம் கம்பியை வைச்சுத்தான். வழமையாக் கிடைக்கிறது நாலு செட்:

எக்ஸ்ட்ரா லைட்: 10, 14, 23, 30, 39, 47
கஸ்டம் லைட்: 11, 15, 22, 32, 42, 52
லைட்: 12, 16, 24, 32, 42, 53
மீடியம்: 13, 17, 26, 35, 45, 56

கம்பனிக்குக் கம்பனி நடுவில ஒண்டு ரெண்டு மாறும், மார்ட்டின்ர 12 செட் 54இல முடியும், டடாரியோவின்ர 53இல முடியும், அதைப் பெரிசா யோசிக்காதேங்கோ. ஆனா ஒண்டு கவனம், அக்கூஸ்டிக்கில "லைட்" எண்டு பைக்கற்றில போட்டிருக்கிறது 12, அது பழகிறவரின்ர விரலுக்கு லைட்டே இல்லை. எலக்ட்ரிக் கிற்றாரில லைட் எண்டால் 10. அதால கடையில "லைட் செட்" எண்டு கேக்காதேங்கோ, "அக்கூஸ்டிக், 11" எண்டு இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கோ. மூண்டாம் கம்பியையும் பாருங்கோ, அக்கூஸ்டிக் செட்டில அது சுத்துக்கம்பியா (மேல இன்னொரு மெல்லிய கம்பி சுத்தினது) இருக்கும், வெறும் கம்பியா இருந்தா உங்களுக்குத் தந்தது பெரும்பாலும் எலக்ட்ரிக் செட். அதைப் போட்டா சத்தம் மெலிஞ்சு போகும், அந்த மூண்டாம் கம்பி (ஜி) ஒவ்வொரு கோட்டிலயும் சுருதி விலகிக் கேக்கும்.

உயர்தரத்தில பௌதிகவியல் படிச்ச ஆக்களுக்கு சுரமானிப் பரிசோதனை ஞாபகம் இருக்கும். நீளமும் மீடிறனும் மாறாட்டி, அலகு நீளத் திணிவு கூடக் கூட அதே சுரத்துக்கு வாறதுக்கு இழுவை கூட வேணும். வெறும் உருக்குக் கம்பிக்கு அந்த இழுவை விட்டத்தின்ர வர்க்கத்தோட கூடும், 10இல இருந்து 12க்குப் போறது பாக்கிறதுக்கு ரெண்டு இலக்கம்தான், ஆனா முதலாம் கம்பியின்ர இழுவை 44 சதவீதம் கூடுது. ஆறு கம்பியையும் கூட்டிப் பாத்தா, வழமையான அளவுக் கிற்றாரில வழமையான ரியூனிங்கில (ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ) 10 செட் கிட்டத்தட்ட 60 கிலோ, 11 செட் 70க்குக் கிட்ட, 12 செட் 74 மாதிரி, 13 செட் 85 மாதிரி. ஒரு நெல்லு மூட்டையை விடக் கூடின பாரம், இரவு பகலா, அந்தச் சின்னப் பிரிட்ஜில, பசையில மட்டும் தொங்கிக்கொண்டு நிக்குது.

1. உங்கட கிற்றார் நைலோன் கிற்றாரோ எண்டு பாருங்கோ

இது எல்லாத்துக்கும் முதல். கழுத்து அகலமா, தலைப்பகுதியில நீளமா ரெண்டு துவாரம் வெட்டி, பிரிட்ஜில கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டுற மாதிரி இருந்தா அது கிளாசிக்கல் கிற்றார், நைலோன் கம்பி மட்டும்தான். நைலோன் செட் முழுக்கவே 40 கிலோவுக்குக் கிட்டத்தான் இழுக்கும். அதுக்கு 10 செட் உருக்குக் கம்பி போட்டாலும் அது கூடத்தான், கனக்கக் கிளாசிக்கலில கழுத்துக்குள்ள ட்ரஸ் ரொட்டும் (கழுத்து வளையாமப் பிடிக்கிற இரும்புக் கம்பி) இல்லை. மெல்லிசுதானே, தாங்கும் எண்டு நினைச்சுப் போட்டு கழுத்து வில்லு மாதிரி வளைஞ்ச கிற்றாரை நான் கண்ணால பாத்திருக்கிறன். தயவுசெய்து செய்யாதேங்கோ.

2. இப்ப என்ன கம்பி கிடக்குது எண்டு கண்டுபிடியுங்கோ

ஆரோ போட்டுத் தந்தது, பைக்கற் இல்லை, என்ன இலக்கம் எண்டு தெரியாது, எல்லாற்ற நிலைமையும் இதுதான். மோட்டர்சைக்கிள் கராஜ் இல்லாட்டி லேத் வேலை செய்யிற இடத்தில வேணியர் இடுக்கி இருக்கும், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில நுண்மானித் திருகுக் கணிச்சி இருக்கும், முதலாம் கம்பியை அளந்து பாருங்கோ. 0.25 எண்டா 10, 0.28 எண்டா 11, 0.30 எண்டா 12, 0.33 எண்டா 13. ஒரு இலக்கத்துக்கும் அடுத்ததுக்கும் 0.025தான் வித்தியாசம், அதால கணிச்சிதான் திறம். வேணியரெண்டா ஆறாம் கம்பியையும் அளவுங்கோ, 47 எண்டா 1.19, 53 எண்டா 1.35, 10ஓ 12ஓ எண்டது அதில பிழைக்காது.

3. கிற்றாருக்கு எவ்வளவு தாங்கும்

கொப்பித்தாள் ஒண்டை எடுத்து பிரிட்ஜைச் சுத்திவர விளிம்பில தள்ளிப் பாருங்கோ, முக்கியமா பின்பக்கம். தாள் உள்ளுக்குப் போனா அந்தக் கிற்றாருக்குப் புதுக் கம்பி வாங்குற காசைப் பசை வேலைக்குக் குடுங்கோ, அதுவரைக்கும் கம்பியைத் தளர்த்தி வையுங்கோ. பேந்து பிரிட்ஜுக்குப் பின்னால மேல்பலகை வயிறு மாதிரி ஊதியிருக்கோ எண்டு அடிமட்டத்தைக் குறுக்கால வைச்சுப் பாருங்கோ. கொஞ்சம் ஊதுறது சாதாரணம், ஆனா பிரிட்ஜே முன்னால சரிஞ்ச மாதிரி நிண்டா 12 வேண்டாம், 10 அல்லது 11க்கு இறங்குங்கோ. மிச்சம் பழசெண்டா சில்க் அண்ட் ஸ்டீல் எண்டு ஒரு வகை இருக்கு, உருக்குக்கும் சுத்துக்கும் நடுவில நூல் வைச்சது, இழுவை குறைவு, சத்தமும் மெதுமையா இருக்கும், பழைய கிற்றாருக்கு அது பெரிய ஆறுதல்.

நட்டில (தலைப்பகுதிக்குக் கிட்டக் கம்பி தங்கிற தவாளிப்புக் கட்டை) இருந்து 12ஆம் பிரெட் வரை அளந்து ரெண்டால பெருக்குங்கோ, அதுதான் கம்பி நீளம். பெரிய உடம்புக் கிற்றாரில 648, 650 மி.மீ வரும், எங்கட பக்கம் கனபேர் வைச்சிருக்கிற யமஹா எஃப்310இல 634. நீளம் குறைஞ்சா அதே கம்பி அதே சுரத்தில கொஞ்சம் தொய்வா இருக்கும். அதால சின்னப்பிள்ளையள் வாசிக்கிற முக்கால் அளவுக் கிற்றாருக்கு, பிள்ளைதானே எண்டு 10 போடாதேங்கோ, தொளதொள எண்டு சுருதி நிக்காது. அதுக்கு 11 அல்லது 12 போட்டாலும் விரலுக்கு இலேசாத்தான் இருக்கும்.

4. நோகிறது கம்பியாலயோ, உயரத்தாலயோ?

இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு வாசியுங்கோ, கனபேர் 12ஐக் கழட்டி 10 போட்டும் எஃப் பிடிக்க ஏலாம இருக்கிறதுக்குக் காரணம் இங்கதான் இருக்கு.

ஒவ்வொரு கம்பியையும் மூண்டாம் பிரெட்டுக்குப் பின்னால அமத்திக்கொண்டு முதலாம் பிரெட்டுக்கு மேல எவ்வளவு வெளி இருக்கு எண்டு வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ. ஒரு தலைமயிர் அளவு வெளி இருந்தா நல்லம், தட்டினா டிக் எண்டு மெல்லிசா ஒரு சத்தம் கேக்கும். அதை விட்டிட்டு வெளி வடிவாத் தெரியுது, ஒரு தாளை மடிச்சு வைக்கலாம் போல இருக்குது எண்டால் நட்டில வெட்டியிருக்கிற தவாளிப்பு ஆழம் காணாது. அப்பிடிப்பட்ட கிற்றாரில எந்தக் கம்பி போட்டாலும் எஃப் நோகும்தான். போன மாரியில பாடகர் குழுவில பழக வந்த பிள்ளை ஒண்டு, "அண்ணா எனக்கு ஏலாது, நான் விடப்போறன்" எண்டு கையை விரிச்சுக் காட்டினவ, சுட்டுவிரல் ஓரத்தில கம்பித் தடம் சிவந்து பதிஞ்சு கிடக்குது. கிற்றாரை வாங்கிப் பாத்தா கம்பி 11தான், நட் உயரம். ஊசிமுனை அரத்தால கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு தேய்ப்புக்கும் கம்பியைத் திருப்பி வைச்சுப் பாத்து இறக்கினம், கம்பி மாத்தவே இல்லை. அடுத்த கிழமை எஃப் பிடிச்சுக் காட்டினவ. கூட ஆழமாத் தேய்ச்சா நட் மாத்த வேண்டி வரும், அதால பழக்கமில்லாட்டித் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ.

அடுத்தது 12ஆம் பிரெட் உயரம். பிரெட்டின்ர மேல்முகத்தில இருந்து ஆறாம் கம்பியின்ர அடி வரை ஒரு 2.5 மி.மீ, முதலாம் கம்பிக்கு 1.8, 2 மாதிரி இருந்தா வாசிக்கச் சுகம். மூண்டு, மூண்டரை எண்டால் சாடிலின்ர (பிரிட்ஜில கம்பி தங்கிற சின்னத் துண்டு) அடியைத் தேய்ச்சு இறக்கோணும், சாடிலில 1 மி.மீ தேய்ச்சா 12ஆம் பிரெட்டில அரை மி.மீதான் இறங்கும் எண்டதை ஞாபகம் வைச்சிருங்கோ.

இவ்வளவும் சரியெண்ட பிறகுதான் கம்பி இலக்கத்தைப் பற்றிக் கதைக்கலாம்.

5. இனித் தெரிவு

புதுசாப் பழகிறவை, கிற்றார் சாதாரண அளவு, உடம்பு நல்லா இருக்கு எண்டால் நான் 11 செட்தான் சொல்லுவன். 10 போட்டா முதல் ரெண்டு மூண்டு கிழமை விரலுக்குச் சுகம்தான், ஆனா பிக் (கம்பி அடிக்கிற சின்னத் தகடு) வைச்சு அடிக்கேக்க கம்பி அலைஞ்சு இரையும், கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சாலே சுருதி மேல போகும், அதோட பழகினவை பேந்து வேற கிற்றாரைத் தொட்டால் கஷ்டப்படுவினம். விரல் நுனி தடிக்கிறதுக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் வாசிச்சா ஒரு மாசத்துக்குள்ள சரிவரும்.

கோயிலில, கலியாண வீட்டில, மார்கழிக் கரோலில மைக் இல்லாம வீடு வீடாப் போய் அடிக்கிறவைக்கு 12. பத்துப் பதினைஞ்சு பேர் பாட நடுவில நிண்டு அடிக்கேக்க 10, 11 அமுங்கிப்போகும், பலமா அடிக்கிறவைக்கு முதலாம் கம்பி அறுந்துகொண்டும் இருக்கும். விரலால பறிச்சு வாசிக்கிறவைக்கு 11, 12 எதுவும் நல்லம், மெல்லிய கை எண்டால் 11.

13 எனக்கு ஒருத்தருக்கும் சொல்ல மனம் வாறேல்ல. நல்ல கட்டுமானக் கிற்றார், கம்பனியே 13 தாங்கும் எண்டு சொன்னது, இல்லாட்டி ஒண்டு ஒண்டரைச் சுரம் இறக்கி வாசிக்கிறவை, அவை போடலாம். மொத்தக் கம்பி கூடச் சத்தம் தரும் எண்டது உண்மைதான், ஆனா மெல்லிய மேல்பலகையை மிச்சம் இறுக்கினா அது அதிர இடமில்லாம சத்தம் அடைச்சுப்போறதும் உண்டு.

ஆறுக்குப் பதிலா பன்ரெண்டு கம்பி இருக்கிற கிற்றாருக்கு அதுக்கெண்டே தனிச் செட் இருக்கு, பெரும்பாலும் 10இல தொடங்கும், அதையே போடுங்கோ.

இனி, 12 செட் கிடக்குது, மாத்தக் காசில்லை, விரல் நோகுது எண்டால் ஒரு வழி. ஆறு கம்பியையும் அரைச் சுரம் இறக்கி ரியூன் பண்ணி, முதலாம் பிரெட்டில கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரேயடியா அமத்திப் பிடிக்கிற கிளிப்) போடுங்கோ. இழுவை 11 சதவீதம் குறையும், 74 கிலோ 66க்கு வரும், நட் உயரப் பிரச்சினையும் கேப்போவால இல்லாமப் போகும், ஆனா மற்றவையோட சேர்ந்து அதே சுருதியில வாசிக்கலாம். பழகிற பிள்ளையளுக்கு முதல் ரெண்டு மாசம் நான் இப்பிடித்தான் செய்து குடுக்கிறன்.

6. என்ன உலோகம்

பைக்கற்றில 80/20 எண்டு இருந்தா சுத்தில 80 பங்கு செம்பு, 20 பங்கு நாகம், புதுசில பளிச்செண்டு கேக்கும், கெதியா மங்கும். பொஸ்பர் புரொன்ஸ் எண்டால் செம்போட வெள்ளீயமும் துளி பொஸ்பரசும், சூடான சத்தம், கொஞ்சம் கூட நாள் நிக்கும், டடாரியோ 1974இல கொண்டுவந்தது. எங்கட வெக்கையில கை வேர்த்துக்கொண்டே இருக்கிறதால நான் பொஸ்பர் புரொன்ஸ் பக்கம். முல்லைத்தீவு, மன்னார்க் கரையில இருக்கிறவைக்கு உப்புக்காத்து வெறும் கம்பியைக் கெதியா கறள் பிடிக்க வைக்கும், காசு கூடினாலும் பூச்சுப் பூசின கம்பி கடைசியில லாபம். வாசிச்சு முடிய பழைய பருத்திச் சாரத் துண்டால கம்பிக்கு அடியாலயும் துடையுங்கோ. தேங்காயெண்ணெய் பூசுற பழக்கம் சிலருக்கு இருக்கு, வேண்டாம், சுத்துக்குள்ள ஊத்தை சேர்ந்து சத்தம் செத்துப்போகும்.

7. போடுறதும், போட்ட பிறகும்

ஒண்டு ஒண்டாக் கழட்டி ஒண்டு ஒண்டாப் போட்டா கழுத்துக்கு அதிர்ச்சி குறைவு, பலகையைத் துடைக்கிறதெண்டா எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டினாலும் ஒண்டும் உடையாது. கம்பி நுனியில இருக்கிற குண்டு பிரிட்ஜுக்குள்ள பலகையின்ர அடியில வடிவா மாட்டிச்சோ எண்டு கம்பியை மேல இழுத்துப் பாத்துப்போட்டு, கம்பியைப் பிடிக்கிற ஆணியை (பின்) அமத்துங்கோ. ரியூனிங் கீயில ரெண்டு மூண்டு சுத்து காணும். கம்பியைக் கையால மெதுவா இழுத்து விட்டு, திரும்ப ரியூன் பண்ணி, ரெண்டு மூண்டு தரம் இப்பிடிச் செய்தா சுருதி நிக்கும்.

இலக்கம் மாத்தினா கழுத்தும் அசையும், ரெண்டு நாள் விட்டுப்போட்டுப் பாருங்கோ. ஆறாம் கம்பியை முதலாம் பிரெட்டிலயும் 14ஆம் பிரெட்டிலயும் ஒரே நேரத்தில அமத்திக்கொண்டு ஏழாம் பிரெட்டில வெளியைப் பாருங்கோ, ஒரு விசிட்டிங் கார்ட் மொத்தத்துக்கு மேல வேண்டாம். 12இல இருந்து 10க்கு இறங்கினா கழுத்து நிமிர்ந்து வெளியே இல்லாமப் போய் முதல் பிரெட்டுகளில இரையும், ட்ரஸ் ரொட்டை இடஞ்சுழியா கால் சுத்துத் தளர்த்துங்கோ. 10இல இருந்து 12க்கு ஏறினா கழுத்து முன்னால வளையும், கம்பியைக் கொஞ்சம் தளர்த்திப்போட்டு வலஞ்சுழியாக் கால் சுத்து இறுக்குங்கோ. ஒரு நாளைக்குக் கால் சுத்துக்கு மேல வேண்டாம், இறுகி நிண்டா பலவந்தம் செய்யாதேங்கோ. நட்டில கம்பி சிக்கி டிங் டிங் எண்டு சுருதி பாஞ்சா பென்சில் கரியைத் தவாளிப்புக்குள்ள தேய்ச்சு விடுங்கோ, 10 போட்டிருந்த நட்டில 13 எண்டால் தவாளிப்பையே அகட்டோணும்.

8. எங்கட வெயிலும் மாரியும்

ஆனி, ஆடி, ஆவணியில கச்சான் காத்து அடிக்கேக்க மரம் காஞ்சு சுருங்கும், மேல்பலகை இறங்கும், கம்பி தாழ்ந்து இரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில மழை இருக்கேக்க அதே பலகை ஈரம் குடிச்சு ஊதி கம்பி மேல போகும், "அண்ணா, கம்பி கல்லு மாதிரி இருக்கு" எண்டு எனக்கு மெசேஜ் வாறதெல்லாம் அந்த மாசங்களிலதான். ரெண்டுக்கும் கம்பி மாத்த ஓடாதேங்கோ. தகரக் கூரை வீட்டில கிற்றாரைச் சுவரில தொங்கவிடாம பாக்கில போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில நிலம் படாம வையுங்கோ, கோடையில ஒரு சின்னச் சவர்க்காரப் பெட்டியில துளையள் போட்டு நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பொஞ்ச் வைச்சு அதையும் பாக்குக்குள்ள போடலாம். வெயிலில நிக்கிற வாகனத்துக்குள்ள மட்டும் விடாதேங்கோ, சூட்டில பசை இளகினா 11 செட்டும் பிரிட்ஜைக் கழட்டும். சோதனை காலத்தில ரெண்டு மூண்டு மாசம் தொடமாட்டம் எண்டு தெரிஞ்சா எல்லாக் கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி வையுங்கோ, இழுவையில அஞ்சில ஒரு பங்கு குறையும்.

போட்டு முடிஞ்ச உடன ஒரு துண்டுத் தாளில தேதி, செட்டின்ர இலக்கம், பொஸ்பரோ 80/20ஓ எண்டது, 12ஆம் பிரெட்டில ஆறாம் கம்பி உயரம் எல்லாம் எழுதி பாக்குக்குள்ள வையுங்கோ. அடுத்தமுறை கடைக்குப் போகேக்க அதைப் போனில போட்டோ எடுத்துக்கொண்டு போனாக் காணும்.